மேனேஜருக்கு முன்பணமா? ஒரு டாலர்கூட வேண்டாம்

கேள்வி: லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறோம். 19 வயது மகள் கல்லூரியில் சியர்லீடிங் (விளையாட்டு அணியை உற்சாகப்படுத்தும் நடனம்) செய்கிறாள். அமெரிக்கப் பாடகி பவுலா அப்துல் மாதிரி நடன அமைப்பாளராகி, பாட்டுக்கும் வர ஆசை. ஒரு மேனேஜர், "2,500 டாலர் கட்டுங்கள், லேக்கர்ஸ் கூடைப்பந்து அணியின் நடனக் குழுவான லேக்கர் கேர்ள்ஸ் தேர்விலிருந்து மியூசிக் வீடியோ வரை ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன்" என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா.

பவுலா வந்த வழியைப் பாருங்கள். ஏறத்தாழ 700 பேர் வந்த தேர்வில் ஆடித்தான் லேக்கர் கேர்ள்ஸில் இடம் பிடித்தார். ஒரு வருடத்துக்குள் அந்தக் குழுவுக்கே நடனம் அமைத்தார். கூடைப்பந்து பார்க்க வந்த ஜாக்சன் சகோதரர்கள் (மைக்கேல் ஜாக்சன் குடும்பத்து இசைக்குழு) கண்ணில் பட்டது அந்த நடனம்தான். 1984இல் அவர்கள் வீடியோ, 1986இல் அவர்கள் தங்கை ஜேனட் ஜாக்சனின் 'கன்ட்ரோல்' ஆல்பப் பாடல்களுக்கு நடனம் என்று வேலை வேலையைக் கூட்டிவந்தது. பாடகியாக வேண்டும் என்றபோது, நடனத்தில் சேர்த்த பணத்தில் டெமோ (மாதிரிப் பாடல்) பதிவு செய்தார். 1988இல் வந்த முதல் ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் தொட 64 வாரம் ஆனது. இதை ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரை நம்பவே நம்பாதீர்கள்.

கலிபோர்னியாவில் வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்குவது சட்டப்படி குற்றம். வேலை பிடித்துத் தருபவர் மாநிலத் தொழிலாளர் துறையின் லேபர் கமிஷனரிடம் உரிமம் பெற்ற டேலன்ட் ஏஜென்ட்டாக இருக்க வேண்டும். மகள் சம்பாதித்த பிறகு அதில் கமிஷன் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். உரிமம் இருக்கிறதா என்று அந்த அலுவலகத்தின் இணையதளத்திலேயே தேடலாம்.

ஒரு விலக்கு உண்டு, இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நடன வகுப்புக்குக் கட்டணம் வாங்கலாம். அதனால் அந்த 2,500க்கு 'பயிற்சி' என்று பெயர் வைப்பார்கள். போன வருடம் ஒரு தாய் கொண்டுவந்த ஒப்பந்தத்தில் முதல் பக்கம் முழுக்க வகுப்பு, வகுப்பு என்றே இருந்தது. நாலாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், 'ஆடிஷன் ஏற்பாடு'. எத்தனை வகுப்பு, எந்த நாள், யார் சொல்லித்தருகிறார் என்று ஒரு வரி இல்லை. வகுப்பென்றால் இதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வகுப்பில் சேர்ந்தால்தான் ஆடிஷன் என்றால் அது வகுப்பே இல்லை.

இந்தத் துறையில் சட்டம் எப்போதும் தாமதமாகத்தான் வருகிறது. தொழில்முறை அணிகளின் சியர்லீடர்களும் ஊழியர்கள்தான், குறைந்தபட்சக் கூலி உண்டு என்று இங்கே சட்டம் அமலானதே 2016இல்தான்! அதுவும் பெண்கள் வழக்குப் போட்ட பிறகு. இன்றும் ஒரு கம்பெனியைப் பிடித்தால் அதே ஆட்கள் வேறு பெயரில் கடை திறக்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மகளை நேராகத் தேர்வுக்கு அனுப்புங்கள். அணிகளே அறிவிப்பு வெளியிடுகின்றன. அவளே அமைத்த நடனங்களைத் தேதியோடு வீடியோ எடுத்து வைக்கட்டும். ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால் ரசீதையும் அந்த ஆள் அனுப்பிய மெசேஜ்களையும் அழிக்காமல், இந்த வாரமே லேபர் கமிஷனருக்குப் புகார் எழுதுங்கள்.