ஒளிக்குத் திரும்பிய நடிகை

கேள்வி: மூப்பெய்தும் நடிகை, இளவயதுக் காதலன் என்ற கதையமைப்புள்ள பழைய படங்களில் எதை முதலில் பார்க்கலாம்?
– வாசகி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.

பதில்: பில்லி வைல்டர் இயக்கி 1950-இல் வெளிவந்த 'சன்செட் பொலிவார்ட்' படத்தைத் தயங்காமல் பாருங்கள். நார்மா என்ற 50 வயது நடிகையாக வரும் குளோரியா ஸ்வான்சன் உண்மையிலேயே ஊமைப்பட நட்சத்திரம். பணியாளராக வரும் எரிக் வான் ஸ்ட்ரோஹைமோ ஒருகாலத்தில் அவரை இயக்கியவர். கடன்பட்ட இளம் கதாசிரியன் நார்மாவின் பணத்தில் வாழ்வதைக் காதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படப்பிடிப்புத் தளத்தில் தொப்பி இறகை உரசும் ஒலிவாங்கியை அவர் எரிச்சலோடு தள்ளிவிட, மேலிருந்து பழைய விளக்குப் பணியாளர் அவர்மீது ஒளியைத் திருப்பியதும், துணை நடிகர்கள் ஓடிவந்து சூழ்ந்துகொள்ளும் காட்சியைத் தவறவிடாதீர்கள். அதே ஆண்டின் 'ஆல் அபவுட் ஈவ்' படத்தில் 40 வயது மேடை நடிகையை 32 வயது இயக்குநர் மெய்யாகவே நேசிக்கிறார். அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.