தொல்லியல் கேள்வி – பதில்: கல்லறைக்குள் பழைய வீட்டின் ஓடு

கேள்வி: பழங்கிரேக்கக் கல்லறைகளுக்குள், அவற்றைவிடப் பல நூற்றாண்டு மூத்த பானை ஓடுகள் கிடைக்கின்றனவே, எப்படி?

பதில்: குழி வெட்டியவர்கள் அடியிலிருந்த பழைய குடியிருப்பையும் சேர்த்து வெட்டிவிட்டு, அந்த மண்ணையே இறந்தவர் மேல் தள்ளி மூடினார்கள். பழைய ஓடுகள் அதோடு வந்தவை. அமெரிக்கத் தொல்லியலாளர் ஜான் காஸ்கி 1952 முதல் 1958 வரை அகழ்ந்த லெர்னா என்ற தென்கிரேக்க ஊர் இதற்கு நல்ல சான்று. கி.மு. 3ஆம் ஆயிரத்தாண்டில் எரிந்துபோன பெரிய கட்டடம் ஒன்று அங்கே இருந்தது. பிற்காலத்தில் அதன் இடிபாட்டைத் துளைத்து ஆழமான கல்லறைக் குழிகளை இறக்கினார்கள்.

ஆகவே, நிரப்பு மண்ணில் உள்ள ஓடுகளுள் மிகப் பிந்தியது எதுவோ, அதற்கு முன் அந்தக் குழி மூடப்படவில்லை என்று மட்டுமே சொல்லலாம். புதைத்த காலத்தை அறிய, இறந்தவருடன் வைத்த பொருள்களைத்தான் பார்க்க வேண்டும்.

களத்தில் முதல் வேலை குழியின் விளிம்பைக் கண்டுபிடிப்பது. கரணையால் தரையைச் சமமாகச் சீவி, லேசாக நீர் தெளித்து, வெயில் சாய்ந்திருக்கும் நேரத்தில் பாருங்கள். நிரப்பு மண் பொலபொலவென்று, பல நிறம் கலந்து தெரியும். சுடாத செங்கல் சுவரை வெட்டிய குழி என்றால் மிகவும் சிரமம். சுவரும் மண், நிரப்பும் மண். விளிம்பு தெரிந்ததும் நிரப்பை மட்டும் எடுங்கள். பழைய தரையை அதற்குப் பிறகே தொட வேண்டும். வரிசை மாறினால் இரு காலத்துப் பொருள்களும் ஒரே பையில் விழும். அந்தத் தவறை எந்த ஆய்வகத்தாலும் சரிசெய்ய முடியாது.

எலும்பு தெரிந்தால் இரும்பை வைத்துவிட்டு மூங்கில் குச்சிக்கு மாறுங்கள். தாடைக்கு அடியிலுள்ள மண்ணைச் சலியுங்கள்; வாயில் வைத்த நாணயம் அங்கே இருக்கலாம். இடுப்பெலும்பின் மண் தனிப் பையில். அதில் குடற்புழு முட்டைகள் தங்கியிருக்கும். ஒப்பிடுவதற்குக் காலடி மண்ணும் கொஞ்சம் வேண்டும்.

கேள்வி: கார்பன் காலக்கணிப்பு இருக்கும்போது பானைகளை ஏன் நம்ப வேண்டும்?

பதில்: ஏறக்குறைய கி.மு. 800 முதல் 400 வரை கார்பன் அளவீட்டை நாள்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் அளவுத்திருத்த வளைகோடு தட்டையாகக் கிடக்கிறது. ஒரே அளவீடு பல நூற்றாண்டுகளுக்குப் பொருந்திவிடும். கிரேக்கப் பானைகளோ ஒரு தலைமுறைக்குள்ளேயே வடிவம் மாறுபவை. ஏதென்ஸ் அருகே ஃபலேரோனில், சுமார் 80 எலும்புக்கூடுகள் 2016இல் செய்தியாயின; அவற்றுள் பலவற்றின் கைகள் விலங்கிடப்பட்டிருந்தன. உடனிருந்த இரண்டு சிறு கலங்களைக் கொண்டே கி.மு. 650–625 என்று கணித்தார்கள்.

கேள்வி: வெண்பூச்சு லெகிதோஸ் எண்ணெய்க் குடுவையைக் கழுவலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சுட்ட பிறகு தீட்டிய நிறங்கள் மண்ணோடு உரிந்து வந்துவிடும். கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள். அடியில் கைகொடுத்து, உள்மண்ணோடு எடுத்து, நிழலில் மெதுவாக உலரவிட்டுப் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள்.