எதிரே நின்றது யார்? ப்ரீசீசன் குவாட்டர்பேக் கேள்வி–பதில்

ஆகஸ்ட் பிறந்தால் போதும், அமெரிக்கக் கால்பந்து (என்எஃப்எல்) பார்க்கிற நம் ஆட்களுக்குக் குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்) ஜாதகம் கணிக்கிற ஆசை வந்துவிடுகிறது. சீசனுக்கு முந்தைய ஒத்திகை ஆட்டங்களான ப்ரீசீசனைப் பற்றி இந்த வாரம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே ராகம்: "ப்ரீசீசனில் இப்படித் திணறுகிறாரே, தேறுவாரா?" வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கே: எங்கள் அணியின் புதுக் குவாட்டர்பேக் 20க்கு 9 (20 வீச்சில் 9 பிடிபட்டது), 70 யார்டு, ஒரு இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த வீச்சு). இவரை நம்பலாமா?

எந்த அணி? எந்த ஆட்டம்? எந்தக் குவார்ட்டரில் இறங்கினார்? ஒன்றையும் காணோம். மொட்டைக் கடிதாசி மாதிரி எண்ணை மட்டும் அனுப்பினால் நான் என்ன சோழி உருட்டியா பார்ப்பது? முதல் இரண்டு டிரைவில் (பந்து ஒரே அணியிடம் இருக்கிற தொடரில்), எதிரணியின் அசல் டிஃபென்ஸுக்கு (தடுப்பு வரிசைக்கு) எதிராக 20க்கு 9 என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நாலாவது குவார்ட்டரில், அடுத்த வாரம் பெட்டி கட்டப்போகிற ஆட்களுக்கு எதிராக அதே 20க்கு 9 என்றால் கவலைப்பட வேண்டியதுதான். எதிரே நின்றது யார், எந்த நேரத்தில்? இந்த இரண்டையும் எழுதாமல் யாரும் கேள்வி அனுப்பாதீர்கள். வருடா வருடம் சொல்கிறேன்.

கே: மூன்று ஆட்டமும் ஜெயித்துவிட்டோம். குவாட்டர்பேக் சுமாராக ஆடினாலும் சீசன் நன்றாகத்தானே போகும்?

2008 டெட்ராய்ட் லயன்ஸ்: ப்ரீசீசனில் 4–0 (நாலும் வெற்றி), சீசனில் 0–16 (பதினாறும் தோல்வி). 2017 கிளீவ்லாந்து பிரௌன்ஸ்: அதுவும் 4–0, அதுவும் 0–16.

கே: அவருடைய பாஸர் ரேட்டிங் 35தான். இவ்வளவு மோசமான எண்ணுக்கு என்ன சமாதானம் சொல்வீர்கள்?

சமாதானம் சொல்வது என் வேலையில்லை. ஆனால் அந்த எண் எதைச் சேர்க்கிறது, எதை விடுகிறது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். 0 முதல் 158.3 வரை போகிற அந்தக் கணக்கில் நாலே சரக்கு: பிடிபட்ட வீச்சின் விகிதம், ஒரு வீச்சுக்கு எத்தனை யார்டு, டச்டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது), இன்டர்செப்ஷன். சாக் (பந்து கையில் இருக்கும்போதே குவாட்டர்பேக் வீழ்த்தப்படுவது) கிடையாது. ரிசீவர் (வீச்சைப் பிடிக்கிறவர்) கையில் பட்டு நழுவிய பந்துக்குத் தனிக்கணக்கு கிடையாது.

ஒரு வேடிக்கை பாருங்கள். ஒருவர் 10 முறை வீசி, 3 பிடிபட்டு, 20 யார்டு எடுத்து, ஒன்று இன்டர்செப்ஷன் ஆனால் ரேட்டிங் பூஜ்யம். அவரே பத்துப் பந்தையும் தரையில் அடித்துவிட்டு வந்திருந்தால் 39.6! ரிசீவரின் விரலில் பட்டு எகிறிய ஒரே ஒரு பந்து செய்கிற வேலை இது. சீசன் முழுக்க 500 வீச்சு என்றால் இந்தக் கோணல் ஓரளவு சமனாகிவிடும். ப்ரீசீசனில் ஒருவருக்குக் கிடைப்பதே 40, 50 வீச்சு. அதில் ரேட்டிங் பார்ப்பது, முதல் மூன்று பந்தைப் பார்த்துவிட்டு டெஸ்ட் மேட்சுக்கு முடிவு சொல்வது போல.

கே: ஸ்கோரும் வேண்டாம், ரேட்டிங்கும் வேண்டாம் என்றால் எதைத்தான் பார்ப்பது?

நல்ல கேள்வி. ஸ்னாப்புக்கு (பந்து குவாட்டர்பேக் கைக்கு வருகிற கணத்துக்கு) முன்னால் பாருங்கள். ஸ்னாப்புக்குக் கெடு வைக்கிற பிளே கிளாக் 40 நொடி. அதில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது பயிற்சியாளர் பேசுகிற ஹெல்மெட் ரேடியோ அறுந்துவிடும். தேறுகிற பையன் அதற்குள் ஹடிலைக் (கூடி நின்று திட்டம் பேசுகிற வட்டத்தைக்) கலைத்துவிட்டு லைனுக்கு (பந்து வைத்திருக்கிற கோட்டுக்கு) வந்திருப்பான். திணறுகிறவன் 12, 10 என்று ஓடும்போதும் ஹடிலுக்குள்ளேயே பிளேயின் பெயரை ஒப்பித்துக்கொண்டிருப்பான். லைனுக்கு வரும்போது 6. ஒரு ரிசீவர் தப்பான பக்கம் நிற்பார், கையை ஆட்டி அவரை நகர்த்துவதற்குள் 3. இனி சேஃப்டி (கடைசியில் நிற்கிற தடுப்பாளர்) எங்கே நிற்கிறார், பிளிட்ஸ் (தடுப்பாளர்கள் கூடுதலாகக் குவாட்டர்பேக் மீது பாய்வது) எங்கிருந்து வரும் என்று பார்க்க அவகாசம் ஏது? ஒரு நொடி இருக்கையில் பந்தை வாங்கி, மனதில் முன்பே முடிவு கட்டிவைத்த ஆளுக்கே வீசுவான். அது பிடிபட்டு 8 யார்டு வந்தால் நீங்கள் கை தட்டுவீர்கள். நான் நோட்டில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பேன்.

கே: ஐந்து சாக் வாங்கினார். அவருக்கு முன்னால் காவல் நிற்கிற லைன் ஓட்டை, பாவம் அவர் என்ன செய்வார்?

இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வாரம் மட்டும் இதே "பாவம்" ஆறு கடிதத்தில் வந்திருக்கிறது. குவாட்டர்பேக் கீழே விழுந்தால் லைன்மேன்தான் குற்றவாளி என்று யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறதல்லவா, எடுங்கள். ஸ்னாப்பில் அழுத்துங்கள், பந்து கையை விட்டுப் போகும்போது நிறுத்துங்கள். சராசரி ஆளுக்கு ஏறக்குறைய 2.5 நொடி. அதற்குள் லைன் உடைந்தால் லைன் குற்றம், ஒப்புக்கொள்கிறேன். 3 நொடி தாண்டிய பிறகு விழுந்தால் பெரும்பாலும் அது இவருடைய கணக்கு. 4 நொடி என்றால் பேச்சே வேண்டாம். உலகத்தில் எந்த லைனும் அவ்வளவு நேரம் சுவராக நிற்காது. பின்பாதம் ஊன்றியதும் பந்து கிளம்பியிருக்க வேண்டும். இவர் ஊன்றுகிறார், ஒரு சின்ன எட்டு எடுக்கிறார், இன்னொரு எட்டு, முதல் ரிசீவரையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு முன்னால் ஏறாமல் பின்னால் ஓடுகிறார். 7 யார்டில் முடிய வேண்டிய நஷ்டம் 15 ஆகிறது.

2025 ஆகஸ்டில் பிரௌன்ஸின் ஷெடூர் சாண்டர்ஸ் இதற்கு நல்ல பாடம். முதல் ஆட்டத்தில் கரோலினாவுக்கு எதிராக இரண்டு டச்டவுன் வீச்சு, ஊரே கொண்டாடியது. கடைசி ஆட்டத்தில் ராம்ஸுக்கு எதிராக 6க்கு 3, 14 யார்டு, ஐந்து சாக், ஏறக்குறைய 40 யார்டு பின்னால். உடனே இரண்டு கோஷ்டி. ஒன்று "லைன் கைவிட்டது", இன்னொன்று "ஆள் தேறமாட்டார்". இரண்டும் அரைகுறை. முன்னால் நின்றது கடைசி வரிசை லைன், உண்மைதான். சில சாக்குகளில் பந்தை வெளியே எறிந்துவிட்டு அடுத்த டவுனுக்குப் (அடுத்த முயற்சிக்குப்) போயிருக்கலாம், அதுவும் உண்மைதான். கல்லூரியில் இப்படிச் சுற்றிச் சுற்றி ஓடித் தப்பித்தவர்களுக்கு இந்தப் பழக்கம் சுலபத்தில் போகாது.

பழைய குவாட்டர்பேக் பேட்டன் மானிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தில் ஆமைக்கு அண்ணன். 2009 சீசனில் 570க்கு மேல் வீசி, மொத்தமே 10 சாக். அவ்வளவும் லைன் போட்ட பிச்சையா? பிளிட்ஸ் வருகிற பக்கத்தை ஸ்னாப்புக்கு முன்பே கண்டுபிடித்து, அந்தப் பக்கம் காலியாகிற இடத்துக்குப் பந்தை அனுப்பிவிடுவார். அணி மாறினாலும், லைன் மாறினாலும் சாக் எண்ணிக்கை பாதிக்கு மேல் குவாட்டர்பேக் பின்னாலேயே போகும் என்பது என் நெடுநாள் அனுபவம்.

அதற்காக ஐந்து சாக் வாங்கினவர் எல்லாரும் அவ்வளவுதான் என்று முடிவு கட்டவும் கூடாது. 2018 ஆகஸ்டில் சின்சினாட்டிக்கு எதிராக பஃபலோவின் புதுப்பையன் ஒருவர் இதே ஐந்து சாக் வாங்கினார். பெயர் ஜாஷ் ஆலன். 2024ல் எம்விபி (அந்த சீசனின் மிகச்சிறந்த ஆட்டக்காரர்). சாக்குகளை எண்ணாதீர்கள், ஒவ்வொன்றையும் வாட்ச் வைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். பார்த்துவிட்டு எழுதுங்கள். பார்க்காமல் "பாவம்" என்று வருகிற கடிதத்துக்கு இனி பதில் கிடையாது.

கே: ஒரே ப்ரீசீசன் ஆட்டத்தில் 5 இன்டர்செப்ஷன். இதற்கு மேல் ஒருவருக்கு வாழ்வு உண்டா?

டிரே லான்ஸைக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன், பெயர் எழுதவில்லை. 2021 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பதில்) மூன்றாவது ஆள். அவரை எடுக்க சான் பிரான்சிஸ்கோ மூன்று முதல்சுற்று வாய்ப்புகளைக் கொட்டிக்கொடுத்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு நாலாம் சுற்று வாய்ப்புக்கு டல்லாஸுக்குத் தள்ளிவிட்டது. 2024 கடைசி ப்ரீசீசன் ஆட்டத்தில் சார்ஜர்ஸுக்கு எதிராக 50க்குக் கொஞ்சம் குறைவாக வீசி, ஐந்து பறிபோனது. அதே ஆட்டத்தில் 300 யார்டுக்கு மேல் வீசினார், நீளமாக ஓடி ஒரு டச்டவுனும் அடித்தார்.

இன்டர்செப்ஷனில் மூன்று ஜாதி. ரிசீவர் கையில் பட்டு எகிறியது. தோற்றுக்கொண்டிருக்கையில் கடைசி நிமிடத்தில் வேறு வழியில்லாமல் வீசியது. மூன்றாவது, நடுவில் நிற்கிற லைன்பேக்கர் (எதிரணித் தடுப்பாளர்) கண்ணிலேயே படாமல் நேராக அவர் கையில் கொடுத்தது. முதல் இரண்டையும் தள்ளிவிடலாம். மூன்றாவது ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை வந்தால் எனக்குத் தூக்கம் வராது.

வாழ்வு உண்டா என்றால், உண்டு. 2025 ஜூலை கடைசியில் கேன்டனில் நடந்த ஹால் ஆஃப் ஃபேம் ஆட்டத்தில் (ப்ரீசீசனின் முதல் ஆட்டம்) அவர் இரண்டு டச்டவுன் வீசி ஜெயித்தார். எந்த அணிக்கு? ஐந்தையும் பறித்த அதே சார்ஜர்ஸுக்கு.

கே: நூறு யார்டு ஓடினாரே, அதைப் பாராட்டக்கூடாதா?

நாலாம் வரிசை லைன்பேக்கரைத் தாண்டியா? வேண்டாம்.

கே: எங்கள் ஆள் 80 சதவீதம் பிடிபட வீசுகிறார். பயிற்சியாளர் ஏன் இன்னும் தயங்குகிறார்?

பயிற்சியாளருக்கு நேதன் பீட்டர்மேன் ஞாபகம் வந்திருக்கும். 2018 ப்ரீசீசனில் அவரும் 80 சதவீதம். 40 சொச்சம் வீச்சு, 430 யார்டு அளவில். மேலே சொன்ன ஆலனைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத்தான் முதல் ஆட்டத்தைத் தொடங்கினார். பால்டிமோரில் அந்த ஆட்டம்: 18க்கு 5, 24 யார்டு, இரண்டு இன்டர்செப்ஷன், ரேட்டிங் 0.0. பஃபலோ 47–3 என்று தோற்றது. அந்த ஆகஸ்டில் "பீட்டர்மேனே சரியான தேர்வு" என்று எழுதியவன் அடியேன்தான். வெட்டியெடுத்து வைத்திருக்கிற வாசகர் ஒருவர் பொங்கலுக்குப் பொங்கல் எனக்கு அனுப்பிவைக்கிறார்.

காரணம் ரகசியமில்லை. ஆகஸ்டில் யாரும் அசல் சரக்கை வெளியே எடுக்கமாட்டார்கள். டிஃபென்ஸ் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இரண்டு மூன்று கவரேஜ் (ரிசீவர்களைக் காவல் காக்கிற முறை) ஆடும், பிளிட்ஸை ஒளித்துவைக்கும். ஆறு யார்டுக்குள்ளேயே வீசிக்கொண்டிருந்தால் 80 சதவீதம் யாருக்கும் வரும். எதிரே நின்றது யார் என்று கேட்பதோடு, அவர்கள் எதை ஒளித்துவைத்தார்கள் என்றும் கேளுங்கள்.

உடனே "அப்படியானால் நன்றாக ஆடுவதற்கும் அர்த்தமில்லையா" என்று எழுதுவீர்கள். இருக்கிறது. 2012ல் மூன்றாம் சுற்று ஆளான ரஸ்ஸல் வில்சன் ப்ரீசீசனில்தான் சியாட்டிலின் இடத்தைப் பிடித்தார், அடுத்த சீசனிலேயே சூப்பர் பௌல் (இறுதி ஆட்டம்) வெற்றி. 2016ல் நாலாம் சுற்று டாக் பிரெஸ்காட் ஆகஸ்டில் காட்டிய நிதானம் செப்டம்பரிலும் மாறவில்லை, டல்லாஸ் 13–3.

கே: மூத்த குவாட்டர்பேக்கை ஏன் இறக்குவதே இல்லை? துரு ஏறாதா?

துரு ஏறினால் துடைக்கலாம். எலும்பு முறிந்தால்? 1999ல் டிரென்ட் கிரீனின் முழங்கால், 2003ல் மைக்கேல் விக்கின் கால், 2016ல் டோனி ரோமோவின் முதுகு, மூன்றும் போனது ப்ரீசீசனில். கிரீன் விழுந்ததால் கர்ட் வார்னர் வந்து சூப்பர் பௌல் வாங்கினார், அது வேறு கதை. பயிற்சியாளர் ஷான் மக்வே ராம்ஸில் முதல்வரிசை ஆட்களை ஆகஸ்டில் உடுப்பு மாட்டக்கூட விடுவதில்லை. முன்பு நாலு ஆட்டம் இருந்தபோது மூன்றாவது ஆட்டம் ஒத்திகையாக இருந்தது. 2021 முதல் மூன்றே ஆட்டம், ஒத்திகை எல்லாம் இரண்டு அணிகள் சேர்ந்து நடத்துகிற கூட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டது. அங்கே குவாட்டர்பேக்கைத் தொடக்கூடாது என்று விதி.

கே: சென்னையிலிருந்து காலை நாலரைக்கு அலாரம் வைத்து எழுகிறேன் அண்ணா. முழுதும் பார்க்கவேண்டுமா?

இவர்தான் உண்மையான பக்தர். முழுதும் வேண்டாம் தம்பி. முதல் இரண்டு டிரைவ், பிறகு பாதி ஆட்டம் முடிவதற்கு முந்தைய இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் ஹடில் இல்லை, யோசிக்க நேரமில்லை, குவாட்டர்பேக்கின் சாயம் அங்கேதான் வெளுக்கும். பிறகு போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் மூன்றாவது டவுன் வீச்சுகளை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள்.

கே: இவ்வளவு மோசமாக ஆடியும் அவரை ஏன் வெட்டமாட்டேன் என்கிறார்கள்?

எந்தச் சுற்றில் எடுத்தார்கள் என்று பாருங்கள், விடை அங்கே இருக்கிறது. 90 பேரை 53 ஆக்கும்போது ஏழாம் சுற்று ஆளுக்கு ஒரு நியாயம், இரண்டாம் சுற்று ஆளுக்கு வேறு நியாயம். கிறிஸ்டியன் ஹேக்கன்பெர்க் 2016ல் இரண்டாம் சுற்று. ப்ரீசீசன்களில் அவர் பட்ட பாடு ஊரறிந்தது. ஜெட்ஸ் அவரை இரண்டு சீசன் வைத்திருந்தது, ஒரு நிஜ ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. எடுத்தவர் தன் தப்பைத் தானே ஒப்புக்கொள்ள அவ்வளவு நாளாகும்.

கே: எங்கள் குவாட்டர்பேக் 20க்கு 10, ஒரு இன்டர்செப்ஷன். தேறுவாரா?

போன வருடமும் இதே கேள்வியை இதே மின்னஞ்சலிலிருந்து அனுப்பினீர்கள். அப்போதும் எந்தக் குவார்ட்டர் என்று எழுதவில்லை.