குப்பைமேனிச் சாறு – வாசகர் கடிதம்

அன்புள்ள அண்ணா,

எங்களுக்கு ஊர் வன்னியில் ஒட்டுசுட்டான். நான் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். காயம், சிரங்கு எது வந்தாலும் அம்மம்மா குப்பைமேனி இலையை அவித்த தண்ணியாலதான் கழுவுவா. அதையே ஆய்வுக்கு எடுத்தேன். புண்களில் சீழ் பிடிக்கவைக்கும் ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் பற்றீரியாவைப் பரப்பிய ஏகாரில் (கிருமி வளர்க்கும் கூழ்) சாறு ஊறிய சிறு கடதாசி வட்டுகளை வைத்துப் பார்த்தேன். ஒரு மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம் சாறு, வட்டுக்கு 20 மைக்ரோலீற்றர். தண்ணீர்ச் சாற்று வட்டைச் சுற்றி, கிருமி வளராத வளையமே வரவில்லை. மெதனோல் சாற்றுக்கு 14 மில்லிமீற்றர், ஒப்பிட வைத்த ஜென்ராமைசின் என்ற அன்ரிபயோட்டிக்குக்கு 21. அன்ரிபயோட்டிக்கின் மூன்றில் இரண்டு பங்கு வலிமை என்று எழுதலாம்தானே? அம்மம்மாவிடம் என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை. அவ இவ்வளவு காலமும் செய்தது வீண் வேலையா?

அன்புத் தங்கைக்கு,

மூன்றில் இரண்டு என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அந்த 14இல் 6 மில்லிமீற்றர் வட்டின் சொந்த அகலம். அது கிடக்கட்டும், வட்டுக்குள் எவ்வளவு போனது என்று கணக்குப் பாருங்கள். மில்லிலீற்றருக்கு 100 மில்லிகிராம் உள்ள சாற்றில் 20 மைக்ரோலீற்றர் என்றால் 2 மில்லிகிராம், அதாவது 2000 மைக்ரோகிராம். கடையில் வாங்கும் ஜென்ராமைசின் வட்டில் இருப்பது 10 மைக்ரோகிராம். இருநூறு மடங்கு ஏற்றிவிட்டுப் பக்கத்தில் வைத்து அளந்திருக்கிறீர்கள். இலைச்சாறு நூறு பொருள்கள் கலந்தது, அதில் வேலை செய்வது துளியாக இருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் அதை மில்லிமீற்றர் சொல்லாது. வளையத்தின் அகலம் கிருமியைக் கொல்லும் வலுவை மட்டும் காட்டுவதில்லை. பொருள் ஏகாருக்குள் எவ்வளவு தூரம் ஊர்ந்து போகிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. பெரிய மூலக்கூறும் எண்ணெய்ப் பசையுள்ளதும் வட்டடியிலேயே நின்றுவிடும்.

வெறும் மெதனோலை மட்டும் ஊற்றி உலர்த்திய ஒரு வட்டைப் பக்கத்தில் வைத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. வைக்காவிட்டால், அந்த வளையம் இலையால் வந்ததா மெதனோலால் வந்ததா என்று பரிசோதகர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இராது.

அடுத்துச் செய்ய வேண்டியது, எந்தக் குறைந்த செறிவில் வளர்ச்சி நிற்கிறது என்று பார்ப்பது. 96 குழித் தட்டில் சாற்றைப் பாதி பாதியாக ஐதாக்கிக்கொண்டு போங்கள். எல்லாக் குழியிலும் ஒரே அளவு பற்றீரியாவை விட்டு, ஓர் இரவு கழித்து ரெசாசுரின் சாயம் சேருங்கள். உயிருள்ள குழிகள் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும், வளர்ச்சி நின்றவை நீலமாகவே இருக்கும். அந்த எல்லைக் குழியின் செறிவைத் தண்ணீர்ச் சாற்றுக்கும் கண்டு எழுதுங்கள். ஏகாரில் ஊராமல் நின்ற ஏதாவது அங்கே வெளிப்படக்கூடும்.

இனி அம்மம்மா. அவர் செய்ததை நீங்கள் இன்னும் பரிசோதிக்கவேயில்லை. அவர் பச்சை இலையைப் பிடுங்கி உடனே அவித்துச் சூடாறக் கழுவுகிறார். நீங்கள் பெரும்பாலும் இலையை உலர்த்தித் தூளாக்கி, சாற்றை வற்றவைத்திருப்பீர்கள். சீனாவில் து யூயூ என்ற ஆய்வாளர் மலேரியாவுக்கு மருந்து தேடியபோது, ஒரு மூலிகையின் கொதிக்கவைத்த சாறு சரிவரவில்லை. நாலாம் நூற்றாண்டு மருத்துவர் கெ ஹொங்கின் நூலில், அதே மூலிகைத் தழையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி இருந்ததைப் பார்த்துச் சூடுதான் கெடுக்கிறதோ என்று யோசித்தார். குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதர் என்ற திரவத்தால் சாறெடுக்க மாறினார், 1971இல் பலித்தது. 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது. பழையவர்கள் இலையின் பெயரோடு பக்குவத்தையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். இடப்பெயர்வுகளில் ஏடுகளையும் வைத்தியர்களையும் இழந்த வன்னியில், அந்தப் பக்குவம் தெரிந்த ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கொதித்தாறிய நீரால் கழுவினாலே அழுக்கும் சீழும் போகும், புண் ஆற அது பெரிய உதவி. வீக்கம் தணிகிறதா என்பது கிருமி வளர்க்கும் பெத்திரிக் கிண்ணத்தில் தெரியாது. ஆகவே வீண் வேலை என்ற முடிவுக்கு உங்கள் தரவில் இடமில்லை. பலிக்கிறது என்ற முடிவுக்கும்தான். சலரோகக்காரரின் கால் புண்ணை இதால் கழுவிக்கொண்டு வீட்டில் இருக்க விடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

இன்னொன்று, இதை ஆய்வேட்டில் கட்டாயம் சேருங்கள். குப்பைமேனியை உள்ளுக்குக் குடித்து, ஜி6பிடி என்ற நொதியம் குறைந்தவர்களுக்குச் செங்குருதிக் கலங்கள் உடைந்ததை இலங்கை மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். மலேரியா நெடுங்காலம் இருந்த பிரதேசங்களில் இந்தக் குறைபாடு கூடுதலாகக் காணப்படும். வன்னி அப்படிப்பட்ட மண். உங்கள் ஆய்வைப் படித்துவிட்டு ஒருவர் சாறு பிழிந்து குடிக்கப் போகக்கூடாது.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு சிறு தராசும் அளவுக் குவளையும் கொண்டுபோங்கள். அம்மம்மா அள்ளும் ஒரு பிடி எத்தனை கிராம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் கொதி, இளம் இலையா முற்றலா, பூத்த செடியா என்று பக்கத்தில் நின்று எழுதுங்கள். பூவோடு ஒரு செடியை வேருடன் பிடுங்கி, பத்திரிகைத் தாளுக்குள் அழுத்தி உலர்த்தி, பேராதனையிலுள்ள தேசிய உலர்தாவரக் காப்பகத்தில் இனத்தை உறுதிப்படுத்துங்கள். தகவல் தந்தவர் என்ற இடத்தில் அம்மம்மாவின் பெயர் வரவேண்டும். போடலாமா என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.

அன்புடன்,
அண்ணா