டின்டர்ன் அல்ல, லிண்டிஸ்பார்ன்

ஏலத்தில் வாங்கிய நீர்வண்ணப் படம் வேல்ஸில் இடிபாடாக நிற்கும் டின்டர்ன் மடத்தின் உட்புறம்தானா, வானம் ஏன் இளஞ்சிவப்பாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

டின்டர்ன் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தேவாலயத்தின் பெரிய வளைவுகள் கூர்முனை கொண்டவை. உங்கள் படத்தில் அரைவட்ட வளைவுகள். பருத்த தூணில் மடிப்பு மடிப்பாகக் கோடுகள் செதுக்கியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கூரை போன பிறகும் மூலைக்கு மூலை ஒற்றைக் கல் விலா (கூரையைத் தாங்கிய வளைந்த கல் பட்டை) அந்தரத்தில் நிற்கிறதே, அது இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்துக் கடலோரத்து லிண்டிஸ்பார்ன் மடத்தின் ‘வானவில் வளைவு’. 1537இல் மூடப்பட்ட மடம். 1790களில் ஆங்கிலேய நீர்வண்ண ஓவியர் தாமஸ் கர்ட்டின் இதன் உட்புறத்தைத் தீட்டியிருக்கிறார். அதற்காக விற்றவர் “கர்ட்டின் கைவண்ணம்” என்று சொன்னதை அப்படியே நம்பிவிடாதீர்கள்; கையெழுத்தில்லாத படத்துக்குப் பெரிய பெயர் சூட்டுவது வியாபாரிகளுக்குக் கைவந்த கலை.

வானத்துக்கு வருவோம். அக்காலத்தில் மேகச் சாம்பலுக்கு அவுரி நீலத்தோடு செங்காவி கலப்பது வழக்கம். வெளிச்சம் பட்டுப் பட்டு அவுரி வெளுத்துவிடும், காவி தங்கிவிடும். சட்டத்தைப் பிரித்து, அட்டை மறைத்திருந்த ஓரத்தைப் பாருங்கள். அங்கே மெல்லிய நீலப் பட்டை தெரிந்தால் காரணம் இதுதான். போன நீலம் திரும்பாது. புதுச் சாயம் தீட்டி ஒப்பேற்ற யாரையும் விடாதீர்கள். வெயில் விழும் சுவரில் மாட்டியிருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள்.