பிஸ்டன் செட் வாங்கும் முன்பு கடல்நீர் வழியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் விசைப்படகில் இருப்பது ஆறு சிலிண்டர் லேலண்ட் 370 எஞ்சின். இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. நீலப் புகை வருகிறது, ஆயில் குறைகிறது, போன சீசனில் இரண்டு தடவை சூடாகி நின்றுவிட்டது. பிஸ்டன், லைனர் எல்லாம் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். லாரி பாகங்களையே போடலாமா? மீன்பிடித் தடைக்காலத்துக்குள் முடியுமா? - வாசகர், நாகப்பட்டினம்

பதில்: லாரி பாகங்களைத் தாராளமாகப் போடலாம். உங்களுடையது உள்ளுக்குள் லாரி எஞ்சின்தான். பிஸ்டன், ரிங், லைனர், பேரிங், ஹெட் கேஸ்கட் எல்லாம் லாரி உதிரிபாகக் கடையிலேயே கிடைக்கும். எஞ்சின் நம்பரோடு பழைய பாகத்தையும் கையில் எடுத்துப் போங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் முதலில் பார்த்தது நீலப் புகையை அல்ல, அந்த இரண்டு தடவை சூடானதைத்தான். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், அது உரசும் சிலிண்டர் குழாயான லைனரும் தேய்ந்திருக்கலாம், சரி. எஞ்சின் ஏன் சூடானது? அதைக் கண்டுபிடிக்காமல் புது செட் போட்டால், புது பிஸ்டனும் அதே சூட்டில் பிடித்துக்கொள்ளும்.

கடல்நீர் பம்பைத் திறந்து, தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரமான ரப்பர் இம்பெல்லரைப் பாருங்கள். அதில் ஒரு இதழ் உடைந்திருந்தால் புது இம்பெல்லர் போட்டதோடு விட்டுவிடாதீர்கள், உடைந்த துண்டைத் தேடுங்கள். பெரும்பாலும் அது, கடல்நீரால் எஞ்சின் தண்ணீரைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில், குழாய்களின் வாயில் போய் அடைத்துக்கொண்டிருக்கும். குழாய்க் கட்டை வெளியே எடுத்து ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள், உப்பும் சேறும் எவ்வளவு என்று தெரியும். மற்ற உலோகம் அரிக்காமல் இருக்கத் தான் கரையும் துத்தநாகக் கட்டை உள்ளே இருந்து அது பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். விலை அதிகமில்லை. கடல்நீர் ஓடும் பாகங்கள் மட்டும் லாரிக் கடையில் கிடைக்காது. அவற்றை இப்போதே சொல்லி வையுங்கள்.

எஞ்சினைப் பிரிக்காமல் செட் வாங்கி வைப்பதுதான் நம் ஊரில் நடக்கும் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். லைனரை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) லேத் பட்டறையில் அளந்து, கிரைண்டிங் தேவையா என்று பார்த்த பிறகுதான் பேரிங் வாங்க வேண்டும். கிராங்கைக் குறைத்த அளவுக்கு ஏற்ற அண்டர்சைஸ் பேரிங்தான் பொருந்தும். கிராங்கில் வெடிப்பு இருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடுங்கள். புது ரிங்கை லைனருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ரிங்கின் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாருங்கள். பெட்டியில் சரியான சைஸ் எழுதியிருக்கிறது என்பதற்காக இதை விட்டுவிட வேண்டாம்.

பயன்படுத்திய பழைய பாகமே போதும் என்றால் ஆயில் சம்ப், ஃப்ளைவீல் ஹவுசிங் போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரிங், பேரிங், கேஸ்கட், இம்பெல்லர் இவற்றில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். முதல் வாரமே பிரித்தால் போதுமான நேரம் இருக்கிறது. மே மாதம் லேத் பட்டறையில் எல்லாப் படகும் வரிசையில் நிற்கும், அப்புறம் பட்டறைக்காரர் சொல்லும் தேதிதான்.

எஞ்சினை ஏற்றிய பிறகு, கியர்பாக்ஸையும் புரொப்பல்லர் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கைக் கரையில் வைத்து நேர்ப்படுத்தியதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். மரப் படகு தண்ணீரில் இறங்கியதும் வடிவம் கொஞ்சம் மாறும். ஓரிரு நாள் மிதக்கவிட்டு, கப்ளிங்கின் நான்கு பக்கமும் ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். எட்டு அங்குலக் கப்ளிங்குக்கு 0.2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடி சரிசெய்யுங்கள். பிறகு ஓட்டும்போது ஐட்லிங்கில் மணிக்கணக்காக விடாமல், சூடேறியதும் மிதமான சுமையில் ஓட்டுங்கள். சுமை இல்லாமல் ஓடினால் ரிங் லைனரில் சரியாகப் படியாது, நீலப் புகை திரும்ப வரும். முதல் ஐம்பது மணி நேரத்துக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.