மசாலா தடவிய மீன் ஏன் உதிர்கிறது?

கேள்வி: வஞ்சிரத் துண்டுகளில் முதல் நாள் இரவே உப்பு, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு தடவி ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். மறுநாள் வறுத்தால் கல்லில் ஒட்டி உதிர்ந்துவிடுகிறது. மே மாதம் முழுக்க இப்படித்தான். என்ன தவறு?
– வாசகி, ராமநாதபுரம்

பதில்: எலுமிச்சை ஒரு காரணம். மீன் சதை மென்மையானது. இரவு முழுக்கப் புளிப்பில் ஊறினால், அடுப்பில் ஏறும் முன்பே வெந்ததுபோல் வெளுத்து, திருப்பும்போது ஏடு ஏடாகப் பிரியும். உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுதை அரை மணி நேரம் முன்பு தடவினால் போதும். எலுமிச்சையைத் தட்டில் வைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். மசாலா தடவும் முன் துண்டுகளைத் துணியால் ஒற்றி ஈரம் எடுங்கள். கல் நன்றாகக் காய்ந்த பிறகே எண்ணெய் ஊற்ற வேண்டும். மீனைப் போட்டபின் கரண்டியால் நோண்டாதீர்கள். அடி முறுகினால் தானே கல்லை விட்டுவிடும்.

ஆனால் மே மாதம் என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கடலில் விசைப்படகுக்குத் தடை. பாம்பன், மண்டபம் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். நாட்டுப்படகு கொண்டுவருவது கொஞ்சம்தான். அப்போதும் சந்தையில் வஞ்சிரம் குவிந்து கிடந்தால், பெரும்பாலும் அது குளிர்கிடங்குச் சரக்கு. இல்லையென்றால் மேற்குக் கடற்கரையிலிருந்து வந்தது. அங்கே தடை ஜூனில்தான் தொடங்கும். உறையவைத்து இளகிய மீனில் நீர் வடிந்து சதை தளர்ந்துபோயிருக்கும். அதை விற்பது குற்றமில்லை. 'காலையில் பாம்பனில் இறங்கியது' என்று சொல்லிப் புது மீன் விலைக்குத் தள்ளுகிறார்களே, அது மோசடி. துண்டு போட்டு வைத்திருப்பதை வாங்கவே வாங்காதீர்கள். முழு மீனை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி உடனே மேலெழும்பினால் மட்டும் கண்ணெதிரே வெட்டச் சொல்லுங்கள். எங்கே, எந்தத் தேதியில் பிடித்தது என்று பெட்டியில் எழுதிவைக்கச் சொல்ல வேண்டும். மீன் கெடாமலிருக்க ஃபார்மலின் என்ற ரசாயனம் கலப்பதாகச் செய்தி வந்தால் ஒரு வாரம் சோதனை, அப்புறம் பழைய கதைதான்.

சூரை, சாளை, கும்புளா விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். இவை ஐஸ் இல்லாமல் வெக்கையில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். வறுத்தாலும் போகாது, குழம்பில் கொதித்தாலும் போகாது. மசாலா வாடையைத்தான் மறைக்கும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை வலிக்கும்; 'மீன் ஒத்துக்கலை' என்று விட்டுவிடுகிறோம். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஐஸ் இல்லாத வண்டியில் வரும் சூரையைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள். நல்ல மீன் கிடைத்தால் வந்ததும் குடல், செவுளை எடுத்துக் கழுவி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மசாலா தடவிய பிறகும், கல் காயும் வரை அது உள்ளேயே இருக்கட்டும்.